லைன் குற்றமும் டாங்கிள் வைத்தியமும்

மடிக்கணினியின் வயர்லெஸ் அடாப்டர் ஒரு சிறு வானொலி நிலையம். ரௌட்டர் பேசுவதை அது கேட்கிறது, கேட்டதற்குப் பதிலும் பேசுகிறது. இந்தப் பேச்சு இருபக்கமும் ஒழுங்காக நடந்தால்தான் திரையில் ஒரு பக்கம் திறக்கும், ஒரு காணொலி ஓடும். இன்றைய மடிக்கணினிகளில் இந்த நிலையம் உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கிறது. அது போதவில்லை என்று தோன்றுகிறவர்கள் யுஎஸ்பி துளையில் செருகும் இன்னொன்றை வாங்குகிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் அதற்கு வழங்கும் பெயர் வைஃபை டாங்கிள்.

அதைச் சுற்றி ஒரு நம்பிக்கையும் வளர்ந்திருக்கிறது. இணையம் இழுத்தால் மடிக்கணினியின் சொந்த வைஃபை மட்டம். ஒரு டாங்கிள் செருகினால் சரியாகிவிடும். ஆண்டெனா நீளமாக இருந்தால் இன்னும் நல்லது. பெட்டியில் அச்சிட்ட எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகம். லோ யாட் பிளாசாவுக்குப் படியேறுகிறவரும் ஷோப்பியில் விலை பார்க்கிறவரும் பெரும்பாலும் இந்த முடிவோடுதான் தொடங்குகிறார்கள். இந்த நான்கு வாசகங்களில் ஒன்றுகூட, சொல்லப்படும் வடிவத்தில், உண்மை இல்லை.

குழப்பத்தின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது. மலேசியத் தமிழர் பேச்சில் எல்லாமே "லைன்". கைப்பேசியில் கோடு குறைந்தாலும் லைன் இல்லை, காணொலி சுற்றிக்கொண்டே நின்றாலும் லைன் ஸ்லோ, வைஃபை துண்டித்தாலும் லைன் கட். ஆனால் வீட்டுக்குள் வரும் இணையம் மூன்று தனித்தனிக் கண்ணிகளால் ஆனது. தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் கண்ணாடி இழை முதலாவது. பலர் இன்னும் மோடம் என்றே அழைக்கும் ரௌட்டர் இரண்டாவது. ரௌட்டருக்கும் மடிக்கணினிக்கும் இடையே காற்றில் நடக்கும் பேச்சு மூன்றாவது. டாங்கிள் தொடுவது மூன்றாவது கண்ணியின் ஒரு முனையை மட்டுமே. முதல் இரண்டில் பழுது இருக்கும்போது டாங்கிள் வாங்குவது, தலைவலிக்குத் தலையணையை மாற்றுவது.

இந்த நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். டெலிகோம் மலேசியா 2010 மார்ச்சில் யூனிஃபை சேவையைத் தொடங்கியபோது வீடுகளுக்குத் தந்த வேகம் 5, 10, 20 எம்பிபிஎஸ். செம்புக் கம்பியில் வந்த ஸ்ட்ரீமிக்ஸைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதுவே பெரிது. அந்த வேகத்துக்கு விரல்நகம் அளவு டாங்கிள் ஒன்று தாராளமாகப் போதும். அன்றைய மலிவு மடிக்கணினிகளில் உள்ளே இருந்த அட்டைகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் தவிர வேறு அறியாதவை. பின்னர் சந்தா வேகம் நூறுகளுக்கும் ஆயிரத்துக்கும் ஏறியது. உள்ளட்டைகளும் மாறின. நம்பிக்கை மட்டும் 2010இலேயே நிற்கிறது. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, வேலையும் வகுப்பும் ஒரே கூரைக்கு வந்தபோது, அது அப்படியே மறுபடியும் தூசி தட்டி எடுக்கப்பட்டது.

முதலில் "உள்ளட்டை மட்டம்" என்ற வாசகம். கடந்த சில ஆண்டுகளில் வந்த பல மடிக்கணினிகளின் அடிமூடியைத் திறந்தால், ஒரு தபால்தலையை விடச் சற்றே பெரிய அட்டை தெரியும். அதிலிருந்து ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை என இரண்டு மெல்லிய கம்பிகள் கீல் வழியே ஏறித் திரையின் ஓரத்துக்குப் போகின்றன. அங்கே, திரையைத் திறந்தவுடன் மேசைக்கு மேலே உயர்ந்து நிற்கும் இடத்தில், இரண்டு ஆண்டெனாக்கள் கைப்பிடி அகல இடைவெளியில் படுத்திருக்கின்றன. வானொலிக்கு இதைவிடத் தோதான இடம் ஒரு மடிக்கணினியில் கிடையாது. நகமளவு டாங்கிளிலோ பெரும்பாலும் இருப்பது ஒரே ஆண்டெனா, அதுவும் ஒரு பருப்பின் அளவுக்குச் சுருக்கப்பட்டது. அது மேசை மட்டத்தில், கணினியின் உலோக உடலை ஒட்டி, மவுஸ் பிடித்த கைக்கு அடியில் கிடக்கிறது. இரண்டு காது உள்ளவனை உட்காரவைத்துவிட்டு ஒற்றைக் காதுக்காரனை ஒட்டுக்கேட்க அனுப்பும் வேலை இது. இன்டெல்லின் ஏஎக்ஸ்200 போன்ற ஓர் அட்டை உள்ளே இருக்கும் மடிக்கணினியில் மலிவான நானோ டாங்கிளைச் செருகினால் வேகம் குறையும். கூடப்போவதில்லை என்பது தனிச் செய்தி.

அடுத்து, பெட்டியில் உள்ள எண். இதில் பொய் இல்லை, கூட்டல் மட்டுமே இருக்கிறது. ஏசி600 என்று எழுதிய டாங்கிள் 5 கிகாஹெர்ட்ஸில் 433, 2.4 கிகாஹெர்ட்ஸில் 150, ஆக 583. அதை முழு எண்ணாக்கி 600 என்கிறார்கள். ஏசி1200 என்பது 867உடன் 300. ஏஎக்ஸ்1800 என்பது 1201உடன் 574. ஆனால் இத்தகைய டாங்கிள் ஒரு நேரத்தில் ஒரு அலைக்கற்றையில்தான் பேசும். இரண்டையும் கூட்டிய எண்ணை எந்தக் கணினியும் ஒருநாளும் காணப்போவதில்லை. ஏசி1300 என்று எழுதியது ஏசி1200ஐவிட மேல் என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுப்பவர்கள் உண்டு. அந்தக் கூடுதல் நூறு பெரும்பாலும் 2.4 பக்கத்தில் 300ஐ 400 ஆக்கியதால் வருவது. 5 கிகாஹெர்ட்ஸில் இரண்டுக்கும் அதே 867.

அந்த 867உம் காற்றில் இரு வானொலிகள் ஒத்துக்கொண்ட உச்சவரம்பே. பொட்டலங்களுக்கு ஒப்புதல் வாங்குவதிலும் முறை காத்து நிற்பதிலும் அதில் கணிசமான பங்கு கரைகிறது. நல்ல சூழலில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை கைக்கு வந்தால் அதிர்ஷ்டம். இதற்குமேல் துளையின் வரம்பு வேறு இருக்கிறது. யுஎஸ்பி 2.0 ஏட்டில் 480 எம்பிபிஎஸ். நடைமுறையில் 300 சொச்சத்தைத் தாண்டுவது அரிது. யுஎஸ்பி 2.0 முனையோடு விற்கும் ஏசி1200 டாங்கிள்கள் சந்தையில் தாராளம். குடத்தின் வாய் அவ்வளவுதான், ஆற்றில் எவ்வளவு ஓடினாலும்.

ஆண்டெனா பற்றிய வாசகம்தான் இவற்றுள் வலுவானது, ஆகவே அதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். 2 டெசிபல் ஆண்டெனாவை எடுத்துவிட்டு 5 டெசிபல் ஆண்டெனா போட்டால் அலை இரட்டிப்பாகும். 3 டெசிபல் என்றால் இரண்டு மடங்கு. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் திறந்த வெளியில் ரௌட்டருக்கும் கணினிக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினாலே 6 டெசிபல் கிடைத்துவிடும், காசு செலவில்லாமல். கம்பி வைத்துக் கட்டிய ஒரு கான்கிரீட் சுவர் 10 டெசிபலுக்கு மேலேயே விழுங்கும், அதாவது பத்தில் ஒன்பது பங்கு. ஆண்டெனா கொண்டுவந்த 3 டெசிபல் அந்தச் சுவரின் காலைச் சிற்றுண்டிக்குக் காணாது. மேலும், ஆண்டெனா புதிதாக எந்தச் சக்தியையும் உண்டாக்குவதில்லை. மேலும் கீழும் போக வேண்டியதைப் பிதுக்கிப் பக்கவாட்டில் பரப்புகிறது. ரௌட்டர் கீழ்மாடியிலும் படிப்பறை மேல்மாடியிலும் இருக்கும் வீட்டில், நிமிர்த்தி வைத்த நீள ஆண்டெனா தன் பலத்தையெல்லாம் பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்கிறது.

அதிக சக்தியோடு கத்தும் டாங்கிள் என்று விற்கப்படுவதற்கும் இதே கதிதான். இணையத்தில் பெரும்பகுதி நேரம் பேசுவது ரௌட்டர், கேட்பது மடிக்கணினி. கேட்கிறவன் உரக்கக் கத்துவதால் பேசுகிறவனின் குரல் உயராது.

அடுக்குமாடிகளில் நிலைமை இன்னும் சிக்கல். பிரிக்பீல்ட்ஸின் உயரமான குடியிருப்பிலோ, சுமார் 700 சதுர அடியில் மூன்று அறைகள் கொண்ட பிபிஆர் எனும் அரசு வீடமைப்புத் திட்ட வீட்டிலோ வைஃபை பட்டியலைத் திறந்தால், சொந்தப் பெயரைத் தேடக் கீழே கீழே இழுக்க வேண்டியிருக்கும். மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு எல்லாம் அதில் இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நிற்கக்கூடிய அலைவரிசைகள் 1, 6, 11 என மூன்றே மூன்று. அத்தனை வீடுகளும் அந்த மூன்று திண்ணைகளில்தான் உட்கார வேண்டும். வைஃபையின் விதி, பேசுமுன் கேள் என்பது. அதே திண்ணையில் வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் அடாப்டர் வாய்மூடிக் காத்திருக்கும். பெரிய ஆண்டெனா தூரத்து அண்டை வீட்டார் பேச்சையும் அழகாகக் கேட்கும், கேட்பதால் மேலும் காத்திருக்கும். கோடுகள் நிறைந்து தெரிந்தும் காணொலி நின்று நின்று ஓடுவது இதனால்தான். கோடு காட்டுவது குரலின் பலத்தை. முறை கிடைப்பதை அது காட்டாது. இங்கே பயன் தருவது 2.4ஐ விட்டு 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதுதான், அதை நல்ல உள்ளட்டையே செய்யும்.

5 கிகாஹெர்ட்ஸுக்குச் சுவர் பிடிக்காது என்பது உண்மை. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல் சூளைகளால் வந்தது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், மரமும் அத்தாப்பும் வேண்டாம், செங்கல்லிலும் ஓட்டிலும் கட்டுங்கள் என்று பிரிட்டிஷ் ரெசிடென்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தியதில் அங்கே சூளைகள் பெருகின. அந்த வற்புறுத்தலை வைஃபை இன்னும் மன்னிக்கவில்லை. கிள்ளானில் ஜாலான் தெங்கு கெலானாவின் பழைய கடைவீடுகளும் அப்படியே: முன்னால் வியாபாரம், பின்னால் நீண்டு போகும் அறைகள், இடையில் கனத்த சுவர்கள்.

தாமான்களின் வரிசை வீடுகள் இந்தப் பிரச்சினையின் பாடப்புத்தக உதாரணம். முகப்பு 20, 22 அடி; ஆழமோ அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். கண்ணாடி இழை முன்வாசல் வழியாக நுழைந்து, ஹாலில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் முடிகிறது. பொருத்த வருபவர் அங்கேயே ரௌட்டரை வைத்துவிட்டுப் போகிறார். சில நாளில் அது பார்வைக்கு நன்றாக இல்லை என்று தொலைக்காட்சிக்குப் பின்னால் தள்ளப்படுகிறது, அல்லது சாமிப்படங்களுக்கு அடியில் உள்ள அலமாரிக்குள் போய்க் கதவு சாத்தப்படுகிறது. பிள்ளை படிப்பதோ மேல்மாடிப் பின்னறையில். இடையில் தொலைக்காட்சியின் உலோக முதுகு, மாடிப்படியின் கான்கிரீட், குளிர்பதனப் பெட்டி, இரும்பு அலமாரி, குளியலறைச் சுவர். இத்தனையையும் தாண்டி வந்து சேரும் முனகலைப் பிடிக்க அறையில் ஒரு டாங்கிள் வாங்கப்படுகிறது. ரௌட்டரைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலிருந்து எடுத்து, மாடிப்படித் திருப்பத்தில் ஆள் உயரத்துக்கு மேலே வைத்தால் கிடைப்பதில் பாதியைக்கூட அந்த டாங்கிள் தராது. ஜன்னல் கிரில் மீது பழி போடுவது மட்டும் அநியாயம். கம்பிகளுக்கு இடையே கை நுழையும் அளவு இடைவெளி இருந்தால் அலை பெரும்பாலும் போய்விடும்.

"போட்டதும் வேகம் வந்ததே, கண்ணால் பார்த்தோமே" என்பது எதிர்த்தரப்பின் கடைசி ஆயுதம். அதைப் பொய் என்று தள்ள முடியாது. வேகம் வரத்தான் செய்கிறது, சில வீடுகளில். ஆனால் எதனால் வந்தது என்று பார்க்க வேண்டும். பழைய மடிக்கணினி 2.4ஐ மட்டும் அறிந்ததாக இருந்து, டாங்கிள் 5ஐப் பிடித்திருந்தால், வேகம் வந்தது அலைக்கற்றை மாறியதால். உள்ளட்டையின் இயக்கி கெட்டிருந்து, டாங்கிளோடு புது இயக்கி நுழைந்திருந்தால், பழைய அட்டைக்கே புது இயக்கி போட்டிருந்தாலும் வந்திருக்கும். இரண்டு அலைக்கற்றைக்கும் ஒரே பெயர் வைத்த ரௌட்டரில் பழைய இணைப்பு 2.4இல் ஒட்டிக்கொண்டிருந்து, புது இணைப்பு 5இல் விழுந்திருந்தால், வைஃபையை அணைத்துப் போட்டிருந்தாலே போதும். டாங்கிள் உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள் மூன்று: உள்ளட்டை செத்துப்போன மடிக்கணினி, 5 கிகாஹெர்ட்ஸ் அறியாத பழைய மடிக்கணினி, வைஃபையே இல்லாத மேசைக் கணினி. அவற்றிலும் இரண்டாவதுக்கு, உள்ளட்டையையே மாற்றிவிடும் வழி பல மாதிரிகளில் உண்டு. திரை ஓரத்து ஆண்டெனாக்கள் அப்படியே பயன்படும். தன் நிறுவனம் ஒப்பிய அட்டையைத் தவிர வேறெதையும் ஏற்காத சில பழைய மாதிரிகளும் உண்டு என்பதால் விசாரித்துவிட்டுத் திறப்பது நல்லது.

எந்தக் கண்ணியில் குறை என்று கண்டுபிடிக்க இருபது நிமிடமும் ஒரு லேன் கம்பியும் போதும். முதலில் மடிக்கணினியைக் கம்பியால் ரௌட்டரில் இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். லேன் துளை இல்லாத மெல்லிய கணினி என்றால், அது உள்ள ஒன்றைக் கடன் வாங்கியாவது இதைச் செய்ய வேண்டும். 300 எம்பிபிஎஸ் சந்தா கட்டும் வீட்டில் கம்பியிலேயே 90இல் நின்றால், பழைய கம்பியோ பழைய ரௌட்டரோ 100 எம்பிபிஎஸ் துளையில் சிக்கியிருக்கிறது. வைஃபையைத் திட்டிப் பயனில்லை. கம்பியில் முழுவேகம் வந்தால், கம்பியைக் கழற்றி, ரௌட்டரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று வைஃபையில் அளக்க வேண்டும். அங்கே படுத்தால் குறை அடாப்டரிலோ ரௌட்டரின் வானொலியிலோ. அதே இடத்தில் கைப்பேசி வேகமாக ஓடினால் அடாப்டர்தான் குற்றவாளி, டாங்கிளுக்கு வழக்கு வலுக்கிறது. இரண்டு மீட்டரில் நன்றாக ஓடிப் பின்னறையில் மட்டும் படுத்தால், குற்றவாளி சுவர். சுவருக்கு மருந்து ரௌட்டரை நகர்த்துவது, அல்லது பின்னறைக்கு ஒரு கேட்6 கம்பி இழுத்து அங்கே ஒரு அணுக்கப் புள்ளியை வைப்பது. கம்பியில்லாமல் மெஷ் பெட்டிகளை வாங்கிப் பின்னறையிலேயே ஒன்றை வைப்பவர்கள், முனகலைக் கேட்டு முனகலையே திருப்பிச் சொல்லும் ஒரு பெட்டிக்குக் காசு கொடுக்கிறார்கள். அது பாதி வழியில் நிற்க வேண்டும்.

விசாரணை முடிந்து டாங்கிள்தான் தேவை என்றானபின், வாங்கும்போது பார்க்க வேண்டியது எண்ணையல்ல, உள்ளே உள்ள சில்லை. ஒரே பெயரில், ஒரே பெட்டியில், பதிப்பு எண் மட்டும் மாறி வேறு சில்லோடு வரும் டாங்கிள்கள் உண்டு. விண்டோஸ் வைத்திருப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. லினக்ஸ் வைத்திருப்பவருக்கு ஓர் இரவு தூக்கத்தின் விலை. மீடியாடெக் எம்டி7612யு போன்ற சில்லுக்கு இயக்கி லினக்ஸ் கருவிலேயே இருக்கிறது. ரியல்டெக் சில்லுகள் பலவற்றுக்கு நீண்டகாலம் வெளியிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டியிருந்தது, கரு புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அது உடையும்.

வைஃபை 6இ என்று எழுதியதற்குக் கூடுதல் விலை கொடுப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2022இல் வைஃபைக்குத் திறந்தது 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும். அமெரிக்காவில் 7125 வரை திறந்திருக்கிறது. அங்குள்ள விமர்சகர் காட்டும் வேகத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. ரௌட்டர் 6 கிகாஹெர்ட்ஸ் பேசாவிட்டால் அதுவும் இல்லை. ஆணையத்தின் சான்று முத்திரை இல்லாமல் வெளிநாட்டிலிருந்து நேராக வரும் மலிவுச் சரக்கு வேறொரு நாட்டின் அலைவரிசைப் பட்டியலோடு வரலாம். அமெரிக்கப் பட்டியலோடு வந்த டாங்கிளுக்கு 12, 13ஆம் அலைவரிசைகளில் இருக்கும் ரௌட்டர் கண்ணிலேயே படாது.

பொருத்துவதில் முதல் வேடிக்கை, பெட்டியில் உள்ள குறுந்தட்டு. தட்டுச் செருகும் வாயே இல்லாத மடிக்கணினிகளுக்கு உள்ளங்கை அளவுத் தட்டை இன்னும் வைத்து அனுப்புகிறார்கள். ரியல்டெக் சில்லு டாங்கிள்கள் சில இதைச் சாமர்த்தியமாகத் தாண்டுகின்றன: செருகியவுடன் வைஃபையாக அறிமுகமாகாமல், கணினியில் ஒரு குறுந்தட்டு இயக்ககமாகத் தோன்றும். அதைத் திறந்து இயக்கியை நிறுவிய பிறகே தன் உண்மை உருவத்துக்கு மாறும். இதை அறியாமல் "வேலை செய்யவில்லை" என்று கடைக்குத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

துளைத் தேர்வும் முக்கியம். யுஎஸ்பி 3.0 துளை வேகத்துக்கு வேண்டும், ஆனால் அதில் ஓடும் தரவு 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல் 2012லேயே அளந்து வெளியிட்டிருக்கிறது. வெளி வன்தட்டு ஒரு துளையிலும் டாங்கிள் அடுத்த துளையிலும் இருந்தால், கோப்பு நகலெடுக்கும்போதெல்லாம் 2.4 வைஃபை தள்ளாடும். ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பியில் டாங்கிளை மாட்டி, மேசைக்கு மேலே, கணினியிலிருந்து விலக்கி வைத்தால் இரைச்சலும் குறையும், உலோக உடலின் மறைப்பும் போகும். டாங்கிள் வாங்கியவருக்குத் தரக்கூடிய யோசனைகளில் ரிங்கிட்டுக்கு ரிங்கிட் அதிகப் பலன் தருவது இந்தக் கம்பிதான்.

பிறகு விண்டோஸின் சாதன மேலாளரில் டாங்கிளின் பண்புகளைத் திறந்து, மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம் என்ற குறியை எடுத்துவிட வேண்டும். விருப்ப அலைக்கற்றை என்ற இடத்தில் 5ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். இணைப்பின் பண்புகளில் அலைக்கற்றை, அலைவரிசை எண், இணைப்பு வேகம் மூன்றும் எழுதியிருக்கும். வேக அளவைத் தளத்தைத் திறக்குமுன் அதைப் படித்தால் பாதிக் கேள்விகளுக்கு விடை அங்கேயே இருக்கும்.

கடைசியாக, அதே சாதன மேலாளரில் உள்ளட்டையை முடக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் ஒரே வைஃபையில் இரண்டு அடாப்டர்களும் இணைந்திருக்கும், எது வழியாகப் போவது என்பதை விண்டோஸ் தானாக முடிவு செய்துகொள்ளும். டாங்கிள் செருகி மாதக்கணக்கான வீடுகளில் இன்றே ஒரு சோதனை செய்து பார்க்கலாம்: காணொலி ஒன்றை ஓடவிட்டு டாங்கிளைக் கழற்றுங்கள். முன்கூட்டியே இறக்கி வைத்தது தீர்ந்த பிறகும் காணொலி நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், உள்ளட்டையே போதும்; அந்த டாங்கிள் இவ்வளவு நாளும் ஒரு யுஎஸ்பி துளையை வீணாக அடைத்துக்கொண்டிருந்தது.